ஒரு லாக்கு மிச்சம்

பூமிநாதனின் புல்லட்டுக்கும் அவர் மகள் கொப்பாத்தாளுக்கும் ஒரே வயது, பதினாறு. மகளாவது பள்ளிக்கூடம் போய் நாலு எழுத்துப் படித்தாள். வண்டி பாவம், அது பிறந்ததே சுமக்கத்தான். விதை நெல், உர மூட்டை, பம்புசெட் மோட்டார், ஒருமுறை கால் ஒடிந்த கன்றுக்குட்டி என்று கல்லலுக்கும் காரைக்குடிக்கும் நடுவே அது சுமக்காதது இல்லை. மைல் காட்டும் மீட்டர் தொண்ணூற்றொன்பதாயிரத்தைத் தாண்டி, மேலே போக எண் இல்லாமல், போன வருஷம் மறுபடி சைபரில் இருந்து கிளம்பியிருந்தது. விவரம் தெரியாத யாராவது எட்டிப் பார்த்து, "என்னண்ணே, நாலாயிரம் மைல்தான் ஓடியிருக்கு, புதுசா?" என்று கேட்டுவிட்டால் போதும், பூமிநாதனுக்கு அன்றைக்கு முழுக்கச் சிரிப்புத்தான்.

அந்தச் சிரிப்பு மாசி மாதம் அடங்கிப்போனது. வண்டி நீலமாகப் புகை விட்டது. ஊற்றுகிற ஆயிலைக் குடித்தது. கண்மாய்க் கரை மேட்டில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. எழுபத்திரண்டாம் வருஷம் அது. பங்குனியில் கொப்பாத்தாளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை, காரைக்குடியில் எழுத வேண்டும். அந்த வீட்டில் அவ்வளவு தூரம் படித்து வந்த முதல் பெண் அவள்தான். கல்லலில் இருந்து காலையில் ஒரு பஸ் உண்டு. அது வந்தால் நிற்காது, நிற்கிற அன்றைக்கு வராது. ஆகவே புல்லட்டை விட்டால் கதி இல்லை. பூமிநாதன் வண்டியைச் செக்காலை ரோட்டில் அபுதாஹிரின் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அபுதாஹிருக்கு நாற்பது வயது. மதுரையில் எட்டு வருஷம் வேலை கற்றுக்கொண்டு, இங்கே பட்டறை போட்டுப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல கை. கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. "எங்கிட்ட வந்த வண்டி ரெண்டாவது தடவை அதே வேலைக்கு வராது" என்று டீக்கடையில் சத்தமாகச் சொல்வார். பழைய சாமான்களை ஒரு துணிப்பையில் போட்டுக் கம்பியால் முடிந்து, வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவது அவர் பழக்கம். மாற்றினேன் என்றால் மாற்றினேன், பார்த்துக்கொள், அவ்வளவுதான்.

இஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தேயாதது எது என்று தேட வேண்டியிருந்தது. சிலிண்டர் சுவர் நடுவில் வயிறு வைத்திருந்தது. அதை மதுரைக்கு அனுப்பி லேத்தில் குடைந்து வாங்கினார். குடைந்த அளவுக்கு ஏற்ற பெரிய பிஸ்டன் கிடைக்க மூன்று வாரம் ஆனது. அதுவரை சும்மா இருக்கவில்லை. இரண்டு வால்வுகளையும் பசை தடவி, அதில் பொருத்திய குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டித் தானே அரைத்தார். அரைத்த பிறகு மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு வெற்றிலை போடப் போவார். திரும்பி வந்து பார்க்கும்போது ஒரு சொட்டுக் கசிந்திருந்தாலும் மறுபடி முதலில் இருந்து. அந்த வேலையில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது. தேய்ந்துபோன ஒன்றைத் தூக்கி எறியாமல், எந்த இடத்தில் தேய்ந்தது என்று கண்டுபிடித்து, அங்கே மட்டும் சரி செய்தால் அது இன்னும் பத்து வருஷம் ஓடும் என்பதே பெரிய ஆச்சரியம் என்று நினைத்துக்கொள்வார். மனுஷனுக்கும் இப்படி ஒரு வழி இருந்தால் எத்தனை நன்றாக இருக்கும்!

பிஸ்டன் வந்தது வியாழக்கிழமை. திங்கட்கிழமை பரீட்சை. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே பூமிநாதன் பட்டறைக்கு வந்துவிட்டார்.

"பாய், பத்தரைக்கு ராகு காலம் பொறக்குது. அதுக்கு முன்னாடி உதை போட்டு வண்டி கிளம்பிரணும். புள்ள பரீட்சைக்குப் போற வண்டி."

"மத்தியானம் எடுத்துக்கிருங்கண்ணே. நான் ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு வந்து நிதானமா மூட்டித் தாரேன்."

"மத்தியானம் மேல எனக்குத் தண்ணி முறை. வயலுக்கு நான் போகலைன்னா மடையை அடைச்சுருவாங்க. பார்த்து முடிச்சு விடுங்க பாய்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அபுதாஹிருக்கு ராகுவும் கிடையாது கேதுவும் கிடையாது, ஆனால் வண்டிக்காரர் மனசு கோணக் கூடாது என்பது உண்டு. கூடவே, என்னால் முடியும் என்கிற அந்தத் தலைக்கனம். பூமிநாதன் தலைமாட்டில் நின்றுகொண்டு, "பத்தாகப் போகுது பாய்... பத்தே கால் பாய்..." என்று வாட்சைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். பத்து இருபத்தைந்துக்கு வண்டி 'டப் டப்' என்று அழகாகக் கிளம்பியது. பூமிநாதன் பழைய சாமான் பையை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையைக் கழுவுவது வழக்கம். சாமான் கழுவிய மண்ணெண்ணெயைத் தட்டிலிருந்து துணியில் வடிகட்டி எடுத்து வைப்பார். அன்றைக்கும் வடிகட்டினார். துணியில் தங்கிய கசடுக்கு நடுவே ஒரு கம்பி வளையம் கிடந்தது.

விரல் நகம் அளவுதான் இருக்கும். பிஸ்டனையும் அதைத் தாங்கும் கம்பியையும் இணைக்க நடுவே பின் என்கிற ஒரு இரும்பு உருளை போகும். அந்தப் பின் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்துவிடாமல் இரண்டு பக்கமும் இரண்டு வளையம் போட வேண்டும். பட்டறையில் அதற்கு லாக்கு என்று பெயர். ஒரு பக்கம் லாக்கு இல்லாவிட்டால் வண்டி உடனே நிற்காது. ஓடும். ஓட ஓட அந்தப் பின் நகரும், சிலிண்டர் சுவரைக் கீறும், ஒருநாள் சுவரில் குத்தி இஞ்சினை அப்படியே இறுக்கிவிடும். ஓடுகிற வண்டியில் பின்சக்கரம் திடீரென்று நின்றுபோனால் மேலே இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அபுதாஹிர் அதைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. இது பழைய லாக்கா, புது லாக்கா? பழையது இரண்டையும் பையில் போட்டேனா? வலது பக்கம் போட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது, 'சொடக்'கென்று உட்கார்ந்ததுகூடக் காதில் இருக்கிறது. இடது பக்கம்? இடது பக்கத்தை நினைத்தால் பூமிநாதனின் குரல்தான் கேட்டது. பத்தே கால் பாய்.

வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். மனைவி ஆரிபா சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"சோறு எறங்கலையா? என்ன ஆச்சு உங்களுக்கு?"

சொன்னார். சொல்லிவிட்டு, தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். "பழசாத்தான் இருக்கும். பதினாலு வருசத்துல நான் ஒரு லாக்கை விட்டிருக்கேனா? இப்பப் போய் ஊருக்கு நடுவுல நின்னு, நான் போட்டேனா போடலையான்னு எனக்கே தெரியலைன்னு சொன்னா, நாளைக்கு எவன் வண்டி குடுப்பான்?"

"அந்த வண்டியில பின்னாடி யாரு உக்காந்து போவா?"

"அவர் மக."

ஆரிபா அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அபுதாஹிர் கையைக் கழுவிவிட்டு, பட்டறைக்குப் போய் ஸ்பேனர்களை ஒரு சாக்குப்பையில் அள்ளினார். இணைப்புகளுக்கு நடுவே வைக்கும் புதிய காகிதக் கேஸ்கட் இரண்டை எடுத்துக்கொண்டு கல்லல் பஸ்ஸைப் பிடித்தார்.

கல்லலில் இறங்கி மேற்கே இரண்டு மைல் நடை. பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. வழியில் ஒரு பாலை மரம், அதன் கீழே கருப்பர் சாமி. நேர்ந்துகொண்டவர்கள் கட்டிய மணிகள் மரம் முழுக்கத் தொங்கின. அவற்றுக்கு நடுவே தெரிந்த துணிப்பையைப் பார்த்ததும் அபுதாஹிர் நின்றுவிட்டார். அவர் கையால் முடிந்த முடிச்சு.

பூமிநாதன் வீட்டு வாசலில், வேப்பமர நிழலில் புல்லட் துடைத்து வைத்தபடி நின்றது. அபுதாஹிரைப் பார்த்ததும் பூமிநாதனுக்கு ஒரே சந்தோஷம்.

"வாங்க பாய்! வண்டி எப்படி ஓடுதுன்னு பார்க்க வந்தீகளா? பூ மாதிரி ஓடுது. நேத்துப் புள்ளயக் காரைக்குடிக்குக் கூட்டிப் போயி பரீட்சை எழுதுற எடத்தைக் காட்டிட்டு வந்தேன்."

அந்தப் பெண் இந்த வண்டியில் ஏற்கெனவே போய் வந்துவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்த பூமிநாதன் மனைவி நாச்சியாரிடம் செம்பை வாங்கிக் குடித்துவிட்டு, அபுதாஹிர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கவில்லை. வளையத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

பூமிநாதன் முகம் மாறிவிட்டது. "போட்டீகளா போடலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"தெரியலண்ணே."

"தெரியலன்னா? ஒரு மாசம் வண்டியை வச்சிருந்தீக. இப்ப வந்து தெரியலைங்கிறீக!"

"பழைய சாமான் பையில ரெண்டு லாக்கு கிடந்துச்சுன்னா இது புதுசு. ஒண்ணுதான் கிடந்துச்சுன்னா இது பழசு, பயமில்லை. ஆனா பையைத்தான் நீங்க..."

"வண்டி ஒழுங்கா ஓடுனா பழசைக் கட்டுறேன்னு கருப்பருக்கு நேர்ந்தேன். நேத்துக் கட்டிட்டேன். சாமிக்குக் குடுத்ததை அவுத்துப் பாக்கச் சொல்றீகளா?"

"சொல்ல மாட்டேண்ணே. அது உங்களுக்கும் அவருக்கும் உள்ளது. எனக்கு இஞ்சினைப் பிரிக்க விடுங்க, போதும்."

"ஓடுற இஞ்சினைப் பிரிக்கிறதா? நாளைக்குக் காலையில பரீட்சை பாய்!" பூமிநாதன் கத்திவிட்டார். "மூட்ட முடியலைன்னா என் மக எதுல போவா? உங்க சந்தேகத்துக்கு என் புள்ளயோட ஒரு வருசத்தைக் குடுக்கணுமா?"

அவர் கேட்பதும் நியாயம்தானே. அப்போது கதவுக்குப் பக்கத்தில் புத்தகத்தோடு நின்றிருந்த கொப்பாத்தாள் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, நேத்துத் திரும்பி வரும்போது கல்லல் தாண்டி ஒரு சத்தம் கேட்டுச்சுல்ல. உரசுற மாதிரி. நான் சொன்னேன், நீங்கதான் புது பிஸ்டன் அப்படித்தான் இருக்கும்னீக."

பூமிநாதன் மகளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "மணி மூணாகுது. நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பிரிச்சு மூட்டிருவீகளா?" என்றார்.

"அண்ணே, நாலரைக்கு முன்னாடி பிரிக்கிறேன். மூட்டுறது எப்ப முடியுதோ அப்பத்தான். இன்னைக்கு நீங்க மணி சொல்லக் கூடாது."

அப்படி ஒரு வார்த்தையை அவர் எந்த வண்டிக்காரரிடமும் அதுவரை சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை, இரண்டு நாள் தாமதமாக வந்தது.

தோளில் கிடந்த துண்டை நனைத்துத் தரையில் விரித்தார். கழற்றக் கழற்ற ஒவ்வொன்றையும் அந்த வரிசையிலேயே துண்டில் அடுக்கினார். டேங்கை இறக்கி, மேல்மூடியைக் கழற்றி, சிலிண்டரை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினார். அடியில் ஒட்டியிருந்த காகிதக் கேஸ்கட் கிழிந்தது. பிஸ்டன் வெளியே வந்தது. வலது பக்கம் லாக்கு இருந்தது. இடது பக்கம் வெறும் ஓட்டை. உள்ளே இருக்க வேண்டிய பின் அந்த ஓட்டைக்கு வெளியே நெல்மணி அளவு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவினார். சுவரில் மெல்லிதாக ஒரு கோடு. பூமிநாதனின் கையைப் பிடித்து இழுத்து, அவர் விரலையும் அந்தக் கோட்டில் வைத்தார்.

"நாளைக்குக் காரைக்குடி போய்ச் சேர்ந்திருக்குமா பாய்?"

"சேர்ந்திருக்கலாம். சேராமயும் போயிருக்கலாம்."

பூமிநாதன் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான்தான் பாய். மணி மணின்னு உங்க உசுர வாங்குனேன். எம் மகளுக்கு நல்ல நேரம் பார்க்கிறேன்னு நானே..."

"அவசரம் உங்களுதுண்ணே. கை என்னுது." அபுதாஹிர் சிலிண்டரைத் துண்டில் இறக்கி வைத்தார். "முடியாதுன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லத் தெரியாம இல்ல. பெருமைக்காகச் சொல்லலை."

நாச்சியார் இத்தனை நேரமும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவள், இப்போது வெடித்தாள். "போதும் நீங்க ரெண்டு பேரும் பேசுனது! எம் புள்ள இனிமே அந்தச் சனியன்ல ஏற மாட்டா. பரீட்சையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். சித்திரையில அவ மாமன் வந்து கேட்டா முடிச்சு விட்டுட்டுப் போறேன். உசுரோட இருந்தாப் போதும்."

"ஆத்தா..." என்றாள் கொப்பாத்தாள். பதினோரு வருஷம் படித்த படிப்பு அந்த ஒரு வார்த்தையில் நின்றது. கையிலிருந்த புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அபுதாஹிர்தான் நாச்சியாரைப் பார்த்துச் சொன்னார்.

"தங்கச்சி, ஏத்துங்க ஏத்தாதீக, உங்க இஷ்டம். நான் பிரிச்சதை மூட்டணும். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இந்தத் துண்டுக்குப் பக்கத்துல வந்து உக்காருங்க. ஒவ்வொண்ணையும் நான் எடுத்து மாட்டுறப்பப் பார்த்துக்கிட்டே இருங்க. எனக்கு இன்னைக்கு என் கண்ணு மேல நம்பிக்கை இல்லை."

"எனக்கு இஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?"

"எண்ணத் தெரியுமில்ல? அது போதும்."

அவள் வருவாள் என்று பூமிநாதன் நினைக்கவில்லை. வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, துண்டின் எதிர்ப்பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வீட்டில் புளி உடைக்கும்போது ஒரு கொட்டையைத் தவறவிடாதவள், அதே கண்ணோடு உட்கார்ந்தாள்.

அபுதாஹிர் மெல்லிய உப்புத்தாளை ஆயிலில் நனைத்து, சிலிண்டர்க் கோட்டை மெதுவாகத் தேய்த்தார். கோடு முழுதாகப் போகாது, ஆனால் முனை மழுங்கிவிட்டது. இனி உரசாது. அதை அவளிடமும் சொன்னார், மறைக்காமல். பிறகு பின்னை உள்ளே தள்ளி, சட்டைப் பையிலிருந்த வளையத்தை எடுத்து இடது பக்கம் போட்டார். 'சொடக்' என்றது.

"இருங்க பாய்," என்றாள் நாச்சியார். கிட்ட வந்து, இடது பக்கம் விரலை விட்டுத் தடவினாள். பிறகு வலது பக்கம். அத்தோடு விடவில்லை, மறுபடி இடது பக்கம் வந்து நகத்தால் நெம்பிப் பார்த்தாள். "ம், ரெண்டு. அடுத்தது எடுங்க."

நாலரை ஆனது. பூமிநாதன் வாட்சைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனவர், வாட்சைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சிலிண்டர் இறங்கியது, மூடி உட்கார்ந்தது. ஒவ்வொரு நட்டுக்கும் நாச்சியார் வாய்விட்டு எண்ணினாள். ஓரிடத்தில் அபுதாஹிர் ஒரு வாஷரைத் தாண்டி அடுத்ததை எடுக்கப் போக, "அது இல்ல, இது முன்னாடி" என்று அவர் கையைத் தட்டிவிட்டாள். ஆமாம், அதுதான் முன்னாடி. அவர் வெட்கப்படவில்லை. பதினான்கு வருஷத்தில் முதல்தடவையாக, இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு நிம்மதியாக இருந்தது.

சூரியன் கண்மாய்க்குப் பின்னால் இறங்கும்போது டேங்கும் ஏறிவிட்டது. அபுதாஹிர் உதைத்தார். முதல் உதையில் கிளம்பவில்லை. இரண்டாவதில் கிளம்பியது. தனியாகக் கல்லல் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பினார். உரசல் இல்லை. இருந்தாலும் அவர் யாரிடமும், 'இனிப் பயமில்லை' என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்தார். வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுச் சாக்குப்பையைக் கட்ட ஆரம்பித்தார்.

பூமிநாதன் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே விளக்கு ஏற்றிவிட்டுக் கொப்பாத்தாள் வாசற்படியில் வந்து நின்றாள். அழுத முகம்.

நாச்சியார் தரையில் கிடந்த துண்டை எடுத்து உதறினாள். இன்னொரு தடவை பலமாக உதறினாள். மண் மட்டும்தான் விழுந்தது. துண்டை மடித்து அபுதாஹிரிடம் கொடுத்துவிட்டு, மகள் பக்கம் திரும்பினாள்.

"பரீட்சை பத்து மணிக்குத்தானே? நான் எத்தனை மணிக்குச் சோறாக்கணும்?"